எண்ணெய்க்குள் ஒரு மருந்துக் கிடங்கு

ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் கலந்து வையுங்கள். தூள் அடியில் படிந்ததும், மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயை மட்டும் ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் பார்த்தால் எண்ணெய் மஞ்சளாகவே இருக்கும். தண்ணீரில் நிறம் ஏறியிருக்காது. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் நன்கு கரையும். நீரில் மிகச் சிறிதளவே கரையும். கலவாத இரு திரவங்களில் ஒரு பொருள் இவ்வாறு பிரிந்து நிற்கும் விகிதத்தைப் 'பங்கீட்டுக் குணகம்' என்பர்.

ஸ்டீராய்டு ஊசியிலும் இதே தத்துவம்தான் செயல்படுகிறது.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் 1935-இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. உடலில் இது போதிய அளவு சுரக்காதவர்களுக்கு மருத்துவர்கள் இதனை மருந்தாகத் தருகிறார்கள். ஆனால் அப்படியே விழுங்கினால் கல்லீரல் இதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். இரத்தத்தில் நேரே செலுத்தினாலும் விரைவில் தீர்ந்துவிடும்.

வேதியியலார் ஒரு வழி கண்டனர். இந்த மூலக்கூறுடன் ஒரு கொழுப்பு அமிலத்தை வால்போல் இணைத்து 'எஸ்டர்' ஆக்கினர். 3 கார்பன் அணுக்கள் கொண்ட வால் புரோப்பியோனேட். 7 கொண்டது எனந்தேட். 11 கொண்டது அன்டெகனோயேட். வால் நீள நீள, மூலக்கூறு எண்ணெயை விட்டு நீருக்குள் இறங்கத் தயங்கும். எனந்தேட்டை நல்லெண்ணெயிலும், அன்டெகனோயேட்டை ஆமணக்கெண்ணெயிலும் கரைத்துத் தசையில் செலுத்துவது வழக்கம்.

தசைக்குள் எண்ணெய் ஒரு சிறு கிடங்காகத் தங்குகிறது. அதன் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் சிறிது சிறிதாக வெளியேறி இரத்தத்தை அடைகின்றன. அங்கு நொதிகள் வாலை வெட்டிவிடும். ஹார்மோன் தன் வேலையைத் தொடங்கும். பின்னர் கல்லீரல் அதனை நீரில் கரையும் பொருளாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றும். எஞ்சிய எண்ணெயின் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்கள் கொண்டுசெல்லும். சாப்பாட்டுக் கொழுப்பைப் போலவே அதுவும் மெல்லச் சிதைக்கப்படும்.

இப்போது ஒரு கணக்கு. எனந்தேட்டின் அரை ஆயுட்காலம் சுமார் 4½ நாள். 9 நாளில் கால் பங்கு மிஞ்சும். 18 நாளில் பதினாறில் ஒரு பங்கு. வாரம் ஒரு ஊசி போட்டால், அடுத்த ஊசியின்போது முந்தியதில் சுமார் 0.34 பங்கு உடலில் இருக்கும். 1 + 0.34 + (0.34)² + ... என்ற பெருக்குத் தொடரைக் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 1½ வரும். அதாவது, ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் உடலில் ஒன்றரை ஊசி மருந்து இருக்கும்!

இந்தக் கணக்கு உங்களுக்கு எதற்கு? உடற்பயிற்சிக் கூடத்தில் யாரேனும், "ஒரே ஊசி, தசை முறுக்கேறிவிடும்" என்று ஆசை காட்டக்கூடும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாளே நிறுத்திவிடலாம். எண்ணெய்க் கிடங்கை மூடச் சாவி கிடையாது; தீங்கு தெரிந்த பின்னும் அது வாரக்கணக்கில் மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்திருப்பதை உணர்ந்த மூளை, உடலின் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். அது மீளப் பல மாதங்கள் ஆகலாம். வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்னதாகவே மூடி, உயரம் குறைந்துபோகவும் கூடும். ஊசி தவறி இரத்தக் குழாயில் இறங்கினால், எண்ணெய்த் துளிகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துக் கடும் இருமலும் மூச்சுத் திணறலும் தரலாம்.

நோயாளிக்கு மருத்துவர் நாள் எண்ணி, அளவு பார்த்துத் தரும் கிடங்கு அது. ஆசைக்காகத் திறந்துகொள்ளும் கிடங்கன்று.