வீட்டு நீச்சல்குளம்: தண்ணீரை இப்போது இறைக்காதீர்கள்

தை, மாசி மாதங்களுக்கான ஆலோசனை

மழை ஓய்ந்துவிட்டது, பொங்கல் விருந்தாளிகளும் ஊர் திரும்பிவிட்டார்கள். மூன்று மாதமாக யாரும் இறங்காத நீச்சல்குளம் பாசி பிடித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக டைல்ஸ் பெயர்ந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வீடுகளிலிருந்து மேஸ்திரிக்குப் போன் போகிற காலம் இதுதான். மேஸ்திரி வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். "மொதல்ல தண்ணிய எறைச்சிடுங்க சார், அப்பதான் எஸ்டிமேட் சொல்ல முடியும்" என்பார். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். இந்த மாதம் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு குளத்தைக் காலி செய்வதுதான்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, கோவளம் என அந்தக் கரை நெடுக மணல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த வடகிழக்குப் பருவமழை அந்த மணலுக்குள்தான் நிற்கிறது. ஆண்டிலேயே நிலத்தடி நீர்மட்டம் மேலேறி இருக்கும் நாட்கள் இவை. உங்கள் குளத்தின் தரை ஐந்தடி ஆழத்தில் இருந்து, ஊற்று இரண்டடியிலேயே நின்றால், குளம் மூன்றடித் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கவலையில்லை. அந்தப் பாரம் குளத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறைத்துவிட்டால், வாளித் தண்ணீரில் அமுக்கிய காலி டப்பா மாதிரி அது மேலே வரப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள சாதாரண வீட்டுக் குளம். தரைப்பரப்பு 32 சதுர மீட்டர். தரைக்கு மேல் ஊற்று ஒவ்வோர் அடி ஏறும்போதும் கிட்டத்தட்ட 10 டன் விசை அடியிலிருந்து தூக்குகிறது. ஆறு அங்குலக் கனத்தில் போட்ட கான்கிரீட் தரையும் சுவரும் சேர்ந்து 25 டன் தேறும். ஆக, ஊற்று இரண்டரை அடி ஏறினாலே தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். முழுக்குளமும் மிதப்பதற்கு முன்பே தரை நடுவில் வெடித்துவிடுவதும் உண்டு.

மிதப்பது என்றால் குளம் தெருவுக்கு வந்துவிடாது. ஓர் ஓரம் இரண்டு மூன்று அங்குலம் தூக்கும், அவ்வளவுதான். முதலில் விளிம்புக் கல் விரியும். பிறகு டைல்ஸ் பட்பட்டென்று தெறிக்கும். சுவருக்குள் புகுந்து போகும் பைப்கள் இணைப்பில் உடையும். தூக்கிய குளத்துக்கு அடியில் மணல் ஓடி நிரம்பிவிடுவதால், மறுபடி தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய இடத்துக்கு இறங்காது. இதற்கு மராமத்து கிடையாது, இடித்துக் கட்ட வேண்டியதுதான். அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைத்துக் கட்டிய குளங்கள் உண்டு. ஆனால் வீட்டுக் குளங்களில் அது இல்லாமலே இருக்கும், இருந்தாலும் சிமெண்ட் பாலில் அடைபட்டிருக்கும். அதை நம்பி இறைக்கக் கூடாது.

ஆகவே முதல் செலவு ஒரு பைப். குளத்தின் ஆழமான பக்கத்தில், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, கை போர் போடுகிறவரைக் கூப்பிட்டு, குளத்தரையை விட இரண்டடி கீழே போகும்படி இரண்டு அங்குலப் பி.வி.சி. பைப் ஒன்றை இறக்கச் சொல்லுங்கள். கடைசி மூன்றடியில் துளை போட்டு, நைலான் வலை சுற்றியிருக்க வேண்டும். மேலே ஒரு மூடி. மணல் நிலத்தில் இது அரைநாள் வேலை. வாரம் ஒருமுறை, நூலில் ஒரு நட்டைக் கட்டி உள்ளே விட்டு, நனைந்த இடத்தை டேப்பில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். குளத்தரைக்கு ஓரடியாவது கீழே ஊற்று இறங்கிய பிறகே தண்ணீரை இறைக்கலாம். சில வீடுகளில் மாசிக் கடைசியில் இறங்கிவிடும், சில வீடுகளில் சித்திரை ஆகும். அக்கம்பக்கத்தில் எத்தனை போர் ஓடுகிறது, மண் எப்படி என்பதைப் பொறுத்தது அது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் இறங்க இன்னும் நாளாகும்.

காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்க வேண்டாம். குளம் ஒழுகுகிறதா, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும் இப்போதுதான் வசதி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பாகம் குளத்துத் தண்ணீரை எடுத்து, இரண்டாவது படியில் வையுங்கள். வாளிக்கு உள்ளே நீர்மட்டத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப், வெளியே குளத்து மட்டத்தில் ஒரு துண்டு. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலும் காற்றும் குடித்தது. வெளியே அதிகம் இறங்கியிருந்தால் ஒழுக்கு. மேஸ்திரி கணக்கில் ஒரு நூல் வித்தியாசம் என்றால், மேலே சொன்ன அளவுக் குளத்தில் அது 100 லிட்டர். தினம் இரண்டு நூல் போனால் மாதத்துக்கு அரை லாரித் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது.

இதையே ஒருநாள் மோட்டார் ஓடவிட்டும், ஒருநாள் நிறுத்திவைத்தும் செய்யுங்கள். ஓடும்போது அதிகம் இறங்கினால், மோட்டாரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் பைப்பில் சந்தேகம். நிறுத்தியபோது அதிகம் இறங்கினால், இழுக்கும் பைப்பைப் பாருங்கள். ஓடும்போது தண்ணீரில் காற்றுக்குமிழி வருவதும் அதன் அடையாளம். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் குளத்தின் சுவரோ தரையோதான். ஸ்கிம்மர் வாய் வரை இறங்கி நின்றுவிட்டால் ஸ்கிம்மர் இணைப்பு, விளக்கு மட்டத்தில் நின்றால் விளக்குக்குப் போகும் ஒயர் பைப். ஊற்று இறங்கும்வரை இந்தச் சோதனைகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெளியே ஊற்று உயர்ந்து நிற்கும்போது தண்ணீர் வெளியேற வழியில்லை, ஒழுகுகிற குளமும் நல்ல பிள்ளையாக நடிக்கும். மாசியில் ஒருமுறை திரும்பச் செய்து பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகு, காலி செய்யத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். தண்ணீர் பச்சையாகிவிட்டது என்பதற்காக இறைக்க வேண்டாம். பி.எச். அளவை 7.2-க்கு இறக்கி, குளோரின் கூட்டிப் போட்டு, தரையைத் தேய்த்து, ஃபில்டரை இரவு பகலாக ஓட்டினால் சில நாளில் தெளிந்துவிடும். ஃபில்டர் மணல் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். அதற்குக் குளத்தில் கை வைக்கவே வேண்டியதில்லை. மோட்டார், மல்டிபோர்ட் வால்வு, விளிம்புக் கல்லுக்கும் நடைதளத்துக்கும் இடையில் விரிந்த இடைவெளி, மேல்வரிசை டைல்ஸ் எல்லாமே ஓரடித் தண்ணீரைக் குறைத்தால் முடிகிற வேலைகள். அந்த இடைவெளியில் சிமெண்டை அப்ப விடாதீர்கள். நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட்தான் அங்கே நிற்கும்.

பல வருடமாகக் குளோரின் மாத்திரையே போட்டு வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மாத்திரையில் சேர்ந்து வரும் சயனூரிக் அமிலம் ஆவியாகாது, தண்ணீரிலேயே தங்கும். அது மிஞ்சிப்போனால் எவ்வளவு குளோரின் போட்டாலும் வேலை செய்யாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். அதையும் ஊற்று இறங்கிய பிறகே செய்யுங்கள்.

முழுக்க இறைத்துச் செய்ய வேண்டியவை மூன்றே: சுவரிலோ தரையிலோ ஓடும் விரிசல், தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிற டைல்ஸ் பரவலாக இருப்பது, ஆழத்தைக் குறைப்பது. கடைசியாகச் சொன்னதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆறடி, ஏழடி ஆழத்தில் கட்டிய பழைய குளங்களில் வீட்டார் நிற்பதெல்லாம் நாலடிப் பகுதியில்தான். குறைத்தால் தண்ணீரும் மருந்தும் மிச்சம், குழந்தைகள் விஷயத்தில் பயமும் கொஞ்சம் குறையும். ஆனால் இடித்த கப்பியைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டுகிற வேலை ஆகாது. அடுக்கடுக்காக இறுக்கி, கம்பி கட்டி, புதுத் தரை போட வேண்டும். அதற்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடம் அவசியம்.

முழு வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மாசி தொடக்கத்தில் ஊற்று இறங்கிவிட்டால் உடனே ஆரம்பியுங்கள், கோடை விடுமுறைக்குள் முடியும். இறங்கவில்லையா, சின்ன வேலைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கோடை முழுக்க நீந்துங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கி, செப்டம்பருக்குள் முடிக்கலாம். என்னைக் கேட்டால் கடற்கரை வீடுகளுக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கணக்கு வேறு. அங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், ஆகவே மாசி முதல் சித்திரை வரைதான் அவகாசம். கோயம்புத்தூரில் ஊற்றைப் பற்றிய பயம் பொதுவாகக் குறைவு. ஆனால் கரிசல் மண் உள்ள இடங்களில் அது நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கும். அங்கே விரிசலை அடைப்பதற்கு முன், கோடை முழுக்க அது இன்னும் விரிகிறதா என்று பென்சில் கோடு போட்டுக் கவனியுங்கள்.

வேலையில் நீங்கள் நேரில் நிற்க வேண்டிய நாள், வாட்டர்ப்ரூஃபிங் பூசும் நாள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது, அதற்குப் பின்னால் இருக்கும் பூச்சுதான் தடுக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் சாந்தால் சரிவுப் பட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் கோட் குறுக்கே போனால் இரண்டாவது கோட் நெடுக்கே போக வேண்டும். பொடி ஒரு மூட்டை, திரவம் ஒரு கேன் என்று வரும் சரக்கு அது. திரவத்தைக் குறைத்துத் தண்ணீர் கலந்து அடிக்கிற வழக்கம் உண்டு. காலி கேன்களையும் மூட்டைகளையும் ஓரமாக அடுக்கிவைக்கச் சொல்லி எண்ணுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பூச்சு இறுகியதும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி ஏழு நாள் விட்டு, வாளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். "அதெல்லாம் வேணாம் சார், கேரண்டி" என்று மேஸ்திரி சொல்லும் இடம் இது. விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே திட்டமிடுங்கள். நாம் சொன்ன குளம் சுமார் 45,000 லிட்டர் கொள்ளும், அதாவது 12,000 லிட்டர் லாரி நான்கு. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது குடிக்கவே லாரிக்காகக் காத்துக்கிடந்தோம். அப்படி ஒரு கோடை வந்தால் நிரப்பும் நாளைத் தள்ளிப்போடுவதுதான் மரியாதை. கடற்கரையில் போர்த் தண்ணீர் உப்பு, சில இடங்களில் இரும்புச்சத்தும் உண்டு. குளோரின் பட்டதும் அந்த இரும்பு பழுப்பாகிப் புது டைல்ஸில் கறையாக இறங்கும். ஒரு குப்பி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு நிரப்புங்கள். சோதனைக்கு நிரப்பியதைச் சம்ப்புக்கோ தோட்டத் தொட்டிக்கோ மாற்றிவைத்துக் கொத்து வேலைக்கும், சிமெண்ட் நனைக்கவும் வைத்துக்கொள்ளலாம். பழைய குளத்துத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சுவதானால், குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டுப் பாய்ச்சுங்கள். உப்பு போட்டு ஓட்டும் குளமென்றால் செடி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். குளத்துக்குள் கட்டர் ஓடும் ஒயருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும், விளக்குகள் 12 வோல்ட்டாக மாற வேண்டும். அடித்தளத்தில் தண்ணீர் இழுக்கும் வாய் ஒன்றே ஒன்றாக, தட்டை மூடியோடு இருந்தால் அதை இரண்டாக்கி, குவிந்த மூடி போடுங்கள். அந்த உறிஞ்சலில் மாட்டி 2002-ல் ஒரு சிறுமி இறந்த பிறகுதான் அமெரிக்கா 2007-ல் இதற்கென்றே சட்டம் போட்டது.

செப்டம்பர் கடைசியில் டைல்ஸ் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் நின்றால், அக்டோபருக்கு இழுக்காதீர்கள். அப்படியே தண்ணீரை நிரப்பிவிடுங்கள். உள்ளே பாரம் இருந்தால் மழையைத் தாங்கும். மீதியை அடுத்த மாசியில் ஒட்டிக்கொள்ளலாம். குளோரின் போடாத அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடும். பத்து இருபது கப்பி மீன்களை விட்டுவிடுங்கள்.