பற்றரிப் பற்தூரிகை விரைவில் சோர்வதேன்?

கேள்வி: பற்றரியில் இயங்கும் பற்தூரிகைகள் சில மாதங்களிலேயே வேகமிழப்பதாகப் பலரும் குறைப்படுவது ஏன்? அவை வாங்கத் தகுந்தவையா?
– வாசகர், கொச்சிக்கடை, கொழும்பு 13

பதில்: சாதாரண அல்கலைன் பற்றரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ற்றிலிருந்து சிறிது சிறிதாகத் தாழ்வதால், தூரிகைத்தலையின் வேகமும் பாவிப்பவர் அறியாமலே குறைந்துவிடுகிறது. இதைவிடக் கவனிக்க வேண்டியது கைப்பிடியின் அடிமூடியாகும்; அதனுள் நீர் புகாமல் தடுக்கும் இறப்பர் வளையம் தளர்ந்ததும் ஈரம் கசிந்து, பற்றரியைத் தாங்கும் சுருள்வில்லில் துரு ஏறி, மின்னோட்டம் தடைப்படுகிறது. துறைமுகத்தை அண்டிய கொச்சிக்கடையின் உப்புக்காற்று இவ்வரிப்பை மேலும் விரைவுபடுத்தக்கூடியது. ஆகவே, துலக்கியபின் கைப்பிடியைத் துடைத்து உலரவிடுவதும், நெடுநாள் பாவிக்காதபோது பற்றரியைக் கழற்றிவைப்பதும் அவசியமாகும்.

பயனைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2014ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பாவனையில் மின்தூரிகைகள் பற்படலத்தை, அதாவது பல்லில் ஒட்டும் கிருமிப்படிவை, கைத்தூரிகையைவிட 21 சதவீதம் கூடுதலாகக் குறைத்ததாகக் கண்டது. ஆனால், அதற்கான சான்றுகளுள் மிகுதியானவை, தலை இருபுறமும் மாறிமாறிச் சுழலும் வகையைச் சார்ந்தவை. வெறுமனே அதிரும் மலிவுத் தூரிகைக்கு அதே பலனை எதிர்பார்ப்பது பொருந்தாது. மூட்டுவாதத்தால் விரல் மடக்க இயலாத முதியோருக்கோ, தடித்த கைப்பிடியுள்ள மின்தூரிகை உண்மையிலேயே பேருதவியாகும்.