ஒட்டகப் பால் வயிற்றுக்கு மருந்தா?

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய லால்பேட்டையில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெட்டியில் பேரீச்சம்பழத்தோடு ஒட்டகப் பால் பவுடரும் வருகிறது. வீட்டில் வயிறு சரியில்லாத பெரியவருக்குத்தான் முதலில் கலக்கிக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் 2016-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இந்தப் பாலுக்குத் தர அளவு வகுத்தது. 2019-ல் குஜராத்தில் அமுல் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியது. இன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் எந்தக் கிராமத்துக்கும் வந்து சேரும். விலை பசும்பாலைவிடப் பல மடங்கு. அதைக் கடன் வாங்கியாவது வாங்கலாம் என்று நினைக்க வைப்பவை, கூடவே வரும் கதைகள்.

நம்பிக்கை: ஒட்டகப் பாலில் லாக்டோஸ் கிடையாது, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகக் குடிக்கலாம்.

லாக்டோஸ் இருக்கிறது. 100 மில்லியில் ஏறக்குறைய 4 முதல் 5 கிராம். பசும்பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தச் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் சுரக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு அது குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. வயிறு உப்புவதும் இரைவதும் பேதியாவதும் அதனால்தான். பால் ஒத்துக்கொள்ளாத 25 பேரிடம் நடந்த ஒரு முதற்கட்ட ஆய்வில் பெரும்பாலோருக்கு ஒட்டகப் பால் தொந்தரவு தரவில்லை என்பது உண்மை. ஆனால் 25 பேரை வைத்து ஊருக்கே மருந்துச்சீட்டு எழுத முடியாது. பால் குடித்தால் வயிறு கெடுகிறவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. உறைய வைக்கும் நுண்ணுயிரிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கவும் உதவுகின்றன. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் ஒரு வாரம் மோருக்கு மாறிப் பாருங்கள்.

நம்பிக்கை: பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு இதுதான் மாற்று.

அலர்ஜி வேறு, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை வேறு. அலர்ஜி என்பது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாகப் பார்ப்பது. பசும்பாலில் அலர்ஜி தூண்டும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் ஒட்டகப் பாலில் இல்லை. அதனால் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் கேசின் உண்டு, மற்ற புரதங்களும் உண்டு; சிலருக்கு இதிலும் அலர்ஜி வருகிறது. அலர்ஜி உள்ள குழந்தைக்கு முதல் மடக்கு வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கவே கூடாது.

நம்பிக்கை: இது வயிற்றில் திரிவதே இல்லை, நேரே குடலுக்குப் போய்ப் புண்ணை ஆற்றும்.

இந்தக் கதையில் ஒரு நுனி மட்டும் நிஜம். பசும்பாலில் உறைமோர் விட்டால் காலையில் வெட்டியெடுக்கும் பதத்தில் தயிர் கிடைக்கும். ஒட்டகப் பாலில் அதே உறைமோரை விட்டால் புளிப்பு ஏறும், ஆனால் பாத்திரத்தைச் சாய்த்தால் கஞ்சித் தண்ணீர் போல ஓடும். காரணம், தயிருக்குக் கட்டு கொடுக்கும் கேப்பா கேசின் இதன் கேசினில் 3.5 சதவீதம் அளவுதான்; பசும்பாலில் சுமார் 13 சதவீதம். ஆகவே வயிற்றிலும் பால் திரிந்து உண்டாகும் கட்டி மென்மையாக அமைகிறது. திரியாமல் போவதில்லை. புண் ஆறும் என்பதற்கு லாக்டோஃபெரின், லைசோசைம் ஆகிய புரதங்களைக் காட்டுகிறார்கள். அவை கிருமிகளை எதிர்ப்பது ஆய்வுக்கூடத் தட்டிலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. மனிதரின் இரைப்பைப் புண்ணை ஆற்றியது என்று சொல்லப் போதுமான பெரிய ஆய்வு இல்லை. அல்சருக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இருக்கின்றன. அவை வேலை செய்கின்றன.

முதல் நாள் குடித்ததும் பேதியானால் 'கழிவெல்லாம் வெளியேறுகிறது' என்று மகிழ்கிறவர்களும் உண்டு. பழக்கமில்லாதவர்களுக்கு ஒட்டகப் பால் பேதியைக் கொடுப்பது பாலைவன மக்களே அறிந்த விஷயம். அது சுத்திகரிப்பு இல்லை. உடம்பிலிருந்து நீரும் உப்பும்தான் போகின்றன.

நம்பிக்கை: காய்ச்சினால் சத்து போய்விடும், பச்சையாகக் குடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பச்சைப் பால் வழியாகப் பரவும் ப்ரூசெல்லோசிஸ் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் கொடுத்து மாதக்கணக்கில் படுத்தும். 2012-ல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தாவக்கூடியது. ஒட்டகப் பாலைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. காய்ச்சினால் வைட்டமின் சி கொஞ்சம் குறையும். அதை ஒரு நெல்லிக்காய் ஈடுகட்டிவிடும்.

உணவு என்ற அளவில் ஒட்டகப் பால் நல்ல பால்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் ஒட்டகங்கள் சுமார் இரண்டரை லட்சமாகச் சுருங்கியிருந்தன. அவற்றை நம்பி வாழும் ராஜஸ்தான், கட்ச் மேய்ப்பர்களுக்கு நாம் கொடுக்கும் காசு போய்ச் சேர்ந்தால் நல்லது. வாங்குங்கள், காய்ச்சிக் குடியுங்கள். ஆனால் மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத எடை இழப்போ, வாரக்கணக்கில் நீளும் பேதியோ இருந்தால் பவுடர் டப்பாவைத் திறக்காதீர்கள். காட்டுமன்னார்கோயில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் குடலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.