மணலும் கணனியும்: நமது தமிழ் வகுப்புகளுக்கு ஒரு பாடம்



விஜயதசமி அன்று ஆலயத்திலே ஏடு தொடக்குவதை யாவரும் கண்டிருப்பீர்கள். தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறார்கள். நாம் படம் எடுக்கிறோம், கற்கண்டு கொடுக்கிறோம், வீடு திரும்புகிறோம். விரலால் எழுதிப் பழகும் இந்த முறை, அரிசிக்குப் பதிலாக மணலோடு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டன் பள்ளிக்கூடங்களுக்குள் வந்துவிட்டது என்பதை நம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அந்த வரலாறு நமது சனி, ஞாயிறு தமிழ் வகுப்புகளுக்கும் ஒரு பாடமாகும்.

எழும்பூரில் கண்ட மணல்

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் இந்தியாவுக்குச் சென்றார். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளரானார். பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை. அக்காலத்தில் ஒருநாள் நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போகையில், சிறுபிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். பிழையென்றால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம்.

பெல் இதனைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அரிவரி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது நமது திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. அப்படிப்பட்ட மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே ‘சட்டம்பியார்’ என்று அழைத்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

பெல் இங்கிலாந்து திரும்பி, 1797இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே இலண்டன் ஓல்ட்கேற்றில் உள்ள புனித பொற்றொல்ஃப் பள்ளியில் இம்முறை தொடங்கப்பட்டது. அதே ஆண்டளவில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, சதக்கில் யோசப் லங்காஸ்ரர் என்பவரும் இதையொத்த முறையில் பள்ளி தொடங்கினார். அங்கும் மணற்பலகை இருந்தது. 1811இல் தேசிய சங்கம் அமைக்கப்பட்டபின் ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இது நாடு முழுவதும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி, சென் அன்ட்ரூஸ் நகரில் இன்றும் ‘மதராஸ் கொலிஜ்’ என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால் குறையையும் சொல்லவேண்டும். ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தேவையில்லை என்று எழுதியவரும் இதே பெல் தான். ஒரு ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக நடத்தலாம் என்பதே பலருக்குக் கவர்ச்சியாக இருந்தது. விளங்காமல் ஒப்புவிக்கும் பழக்கம் பெருகியது. 1846இல் மாணவ ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கும் திட்டம் வந்தபின் மதராஸ் முறை மெல்ல மறைந்தது. கருவி எவ்வளவு நல்லதாயினும், ஆசிரியருக்குப் பதிலாக அதை வைத்தால் பயன் கெடும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம்.

நாவலர் வழி

பிறரிடம் நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்ள நம்மவர்களும் தயங்கவில்லை. ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளியிலே படித்தவர், அங்கேயே படிப்பித்தவர். வகுப்புப் பிரிப்பதையும், அச்சிட்ட புத்தகத்தின் வலிமையையும் அங்கே கண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். படிமுறையான பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். அன்று அச்சியந்திரமே புதிய தொழில்நுட்பம். தம் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை வேறு பள்ளி ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கக் கூடியதாக நாவலர் ஆக்கினார்.

ஜாம் போத்தல் வெளிச்சம்

நமது தலைமுறைக்கு இது நேரில் கண்ட பாடம். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, கொப்பி தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் திரி இட்டுப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஒரு மாதிரி வினாத்தாள் கிடைத்தால் ஆசிரியர்கள் கையால் பிரதி பண்ணிப் பக்கத்துப் பாடசாலைக்கும் கொடுத்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நமக்குப் பதினாறு வயது. பின்னர் தென்மராட்சியில் மரநிழலில் வகுப்பு நடந்தது. புத்தகம் ஒருவரிடம், வெண்கட்டி இன்னொருவரிடம், கரும்பலகை இருவரிடமும் இல்லை. கதவொன்றில் எழுதினார்கள். ‘என்னுடைய நோட்ஸ்’ என்று எவரும் பூட்டி வைக்கவில்லை. பூட்டி வைத்திருந்தால் நாம் பல்கலைக்கழக வாசலைக் கண்டிருக்கமாட்டோம்.

அரைப்புள்ளியாகிப் போன அம்மா

இப்போது இலண்டனுக்கு வருவோம். நாமறிந்த தமிழ் வகுப்பொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளமின்றிப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் அண்மையில் காலமானார். அவர் தயாரித்த பயிற்சித்தாள்கள் யாவும் பழைய டிஸ்குகளில் இருந்தன. மகன் அவற்றைக் கொண்டுவந்து தந்தார். கணனியில் திறந்தபோது ‘அம்மா’ என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளே தெரிந்தன. ரீச்சரின் உழைப்பு அழிந்துவிட்டது என்று மகன் கண் கலங்கினார்.

அது அழியவில்லை. ரீச்சர் பாவித்தது பாமினி எழுத்துரு. அத்தகைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைப்பவை. கோப்பினுள் பதிவாவது ஆங்கில எழுத்தே. எழுத்துரு இல்லாத கணனியில் வேடம் கலைந்துவிடும். யூனிகோட் முறை வேறு. அதில் ‘அ’ என்ற எழுத்துக்கென்றே 2949 என்ற எண் உண்டு. எந்த நாட்டுக் கணனியிலும், கைத்தொலைபேசியிலும் அந்த எண் ‘அ’ தான். 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று வார இறுதிகளில் ரீச்சரின் தாள்கள் மீண்டும் தமிழாயின. பிழை திருத்தியவர்கள் அவரிடம் படித்த பிள்ளைகள்.

நாம் கணக்காளர் தொழில் பார்ப்பவர். கணக்குப் புத்தகத்துக்கு ஒரு விதி உண்டு: எழுதியவர் நாளை வராவிட்டாலும் அடுத்தவர் தொடரக்கூடியதாக இருக்கவேண்டும். நமது தமிழ் வகுப்புகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறா. பாடம் ஒரு ரீச்சரின் பையில் இருக்கிறது. அவர் வீடு மாறினாலோ, நோயுற்றாலோ வகுப்பும் அத்தோடு நின்றுவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. பாடக்குறிப்புகளை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்வோம். கையெழுத்துத் தாள்களைப் படமெடுத்தாவது பொது இடத்தில் சேமிப்போம். ஒவ்வொன்றிலும் வகுப்பு, பாடம், ஆண்டு மூன்றையும் குறிப்போம்.

2. ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை கூடி, ஆளுக்கு ஒரு பாடத்தைச் செய்து காட்டட்டும். பிள்ளைகளுக்கு விளங்காமற் போன பாடத்தையும் சொல்லட்டும். அதிலிருந்து மற்றவர்கள் கற்பது அதிகம்.

3. இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாடு கடினம். ‘வால், வாள், வாழ்’, ‘பல்லி, பள்ளி’, ‘கரி, கறி’ என்று சோடி சோடியாக அம்மம்மாவின் குரலைத் தொலைபேசியில் பதிவு செய்து வகுப்பிற் போடலாம். ஒரு வீட்டுப் பதிவு பத்து வகுப்புகளுக்கு உதவும்.

4. தொலைபேசியில் இரண்டு எழுத்துத் தட்டினால் முழுச்சொல்லும் வந்துவிடுகிறது. வசதிதான், ஆனால் பிள்ளை எழுத்துக் கூட்டப் பழகாது. ஆகவே முதலில் அரிசியில் விரல், பின்னர் கொப்பியில் பென்சில், அதன்பின் கணனி என்ற ஒழுங்கை விடக்கூடாது.

5. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை அரிவரி வகுப்புக்குச் சட்டாம்பிள்ளைகளாக அனுப்புவோம். சொல்லிக்கொடுக்கும் பிள்ளையே கூடுதலாகப் படிக்கும். ஆசிரியர் கட்டாயம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

6. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்குகிறது. நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேமிக்கிறது. இரண்டும் தொண்டர்களின் உழைப்பு. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை அங்கே தேடலாம்.

7. பிள்ளைகளின் படம், குரல் எதனையும் பெற்றோரின் சம்மதமின்றிப் பொதுவில் போடக்கூடாது.

பெற்றோர்களே, கணனி தெரியாது என்று ஆசிரியர்களும், தமிழ் தட்டச்சுத் தெரியாது என்று பிள்ளைகளும் ஒதுங்கி நிற்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் இருத்தினால் இரு குறையும் தீரும். எழும்பூரில் பெரியவர்கள் மறுத்ததை எட்டு வயதுப் பிள்ளை செய்தது. நமது பிள்ளைகளும் செய்வார்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய டிஸ்கோ, பயிற்சித்தாள் கட்டோ இருக்கக்கூடும். குப்பைக்குப் போடுமுன் அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். திறந்து பார்ப்போம்.