மெக்கானோ சொல்லும் முக்கோணப் பாடம்

லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி தன் மகன்களுக்காகச் செய்த விளையாட்டுச் சாமான்தான் மெக்கானோ. 1901-ல் காப்புரிமை பெற்றார். ஓட்டை போட்ட தகரப் பட்டை, நட்டு, போல்ட்டு, அவ்வளவுதான்! ஓட்டைகளின் இடைவெளி எப்போதும் அரை அங்குலம்; அதனால எந்தப் பட்டையும் எதோடும் சேரும், பிரிச்சு வேற செய்யலாம். நூறு வருஷமாகியும் சலிக்கலைன்னா இதான் காரணம். நம் நாட்டில் 'மெக்கானிக்ஸ்' செட் உண்டு. (பையன்கள் சாமானாம்! ஸ்பேனர் சொல்லுச்சா?)

நாலு பட்டையைச் சதுரமா, மூலைக்கு ஒரு போல்ட்டு போட்டு மாட்டுங்க. அழுத்தினா சாயும். குறுக்கே ஒரு பட்டை மாட்டினா அசையாது. இப்போ அது ரெண்டு முக்கோணம். நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தின் நீளக் கையிலும் இதே முக்கோணங்கள்தான். செட் இல்லாதவங்க அட்டைப் பட்டையும் குண்டூசியும் வெச்சே செஞ்சு பார்க்கலாம்.