டிரைவ் போட்டதும் சென்சார் தடுமாறினால்

வெள்ளானூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். மோட்டாருக்கு டிரைவ் பொருத்தியதும் பக்கத்து மெஷினின் சென்சார் தப்புக் காட்டும். சென்சாரை மாற்றிப் பயனில்லை. நாமும் முதலில் அதைத்தான் செய்தோம்!

டிரைவ் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுதான் மோட்டார் கேபிளிலிருந்து மின்காந்த இரைச்சலாகப் பரவுகிறது. ஷீல்டு கேபிள் போடுங்கள். டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும் ஷீல்டைச் சுற்றிலும் பிடிக்கும் கிளாம்பால் எர்த்தில் சேருங்கள். வாலாக முறுக்கிக் கட்டினால் பலன் வெகுவாகக் குறையும். சிக்னல் வயர் ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கிட்டால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

வீட்டுப் பெரியவர்களே, இதையும் சொல்லி அனுப்புங்கள்: டிரைவை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சில நிமிடங்களுக்கு ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும்.