‘ஃபேர்’: ஒரு சொல்லும் பல பொருளும்

சொல் தான் வழங்கும் இடம் நோக்கியே பொருள் உணர்த்தும். அகராதியின் முதற்பொருளை மட்டும் துணைக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுவோர் இடர்ப்படுவர். ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘ஃபேர்’ என்னும் பெயரடையை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

பழைய ஆங்கிலத்திலேயே காணப்படும் இச்சொல்லின் முதற்பொருள் ‘அழகிய’ என்பதாம். பின்னர் மாசற்ற, நடுநிலை தவறாத எனப் பொருள் விரிந்தது. வெளிறிய மேனி நிறத்தையும் குறிக்கலாயிற்று.

இனி, வழக்குகளைக் காண்போம். ‘ஃபேர் வெதர்’ என்பது மழையும் புயலும் அற்ற வானிலை. ‘ஃபேர் காப்பி’ என்பது பிழை நீக்கித் தெளிவாக எழுதிய படி. ‘ஃபேர் பிளே’ என்பது விதி வழுவா ஆட்டம். ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ என்பதனை நாம் ‘நியாயவிலைக் கடை’ எனச் செவ்விதின் தமிழாக்கியுள்ளோம். மாணவரின் விடைத்தாளில் ஆசிரியர் ‘ஃபேர்’ என எழுதின் அது புகழுரையன்று. ‘நடுத்தரம்’ என்பதே கருத்து. சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ என்னும் பெயர்ச்சொல்லோ, இலத்தீன் ‘ஃபேரியா’வின் வழிவந்த வேறு சொல். ஒலி ஒன்றாயினும் உறவில்லை.

அழகும் வெண்மையும் ஒரு சொல்லில் கூடியதால் விளைந்த கேட்டினையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெண்மை அழகெனின், கருமை அழகன்று என்னும் முடிபு தானே வந்து சேர்கிறது. 1609இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் சானட்டுகளுள் 127ஆவது, கருமையை அழகென எண்ணாத பழைய வழக்கைச் சுட்டியே தொடங்குகிறது. இந்தியாவில் 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு, 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறியது. நிற வேற்றுமை குறித்து உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவே அம்மாற்றம். ஆயினும் மணமகள் தேடும் விளம்பரங்களில் ‘நல்ல நிறம்’ என்னும் தொடரை இன்றும் காண்கிறோம். ஏனைய நிறங்கள் தீயனவோ? சங்கப் புலவர் தம் தலைவியை ‘மாயோள்’ எனப் போற்றினர். அவ்வழகு கருமை சான்றது.

ஆகவே, பழைய ஆங்கிலக் கதையில் வரும் ‘ஃபேர் மெய்டன்’ என்பாளை ‘வெண்ணிற மங்கை’ என்னாது ‘எழில் மங்கை’ எனப் பெயர்ப்பதே சாலும். நிறத்தைக் குறிக்குமிடத்து நிறமென்றும், நீதியைக் குறிக்குமிடத்து நீதியென்றும் பிரித்தறிந்து எழுதுவோமாக. பிறமொழிச் சொல்லைப் பெயர்க்குங்கால், அதனோடு ஒட்டிவரும் பிழைபட்ட மதிப்பீட்டையும் நம் மொழிக்குள் குடியேற்றாதிருத்தல் மாணவர்தம் கடனாம்.